ஏறிய படியில் இறங்குவது இழுக்கா?

(பழைய மாணவி ஒருவர்)



இந்த ஆண்டு மலரின் பக்கங்களைப் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து, அடுக்கி, அச்சுக்குத் தருகின்றவள் நான். இப்பள்ளியின் பழைய மாணவி. உங்கள் கட்டுரைகளில் விட்டுப்போன ஒற்றெழுத்துகளை உங்கள் தமிழாசிரியைக்குத் தெரியாமல் போட்டுவிடுகின்ற குற்றத்தையும் நான் செய்ததுண்டு. மலர்க்குழுவினர் இம்முறை என்னையும் ஒரு கட்டுரை எழுதும்படி பணித்தார்கள். "கணிப்பொறியின் பயன்கள் என்று எழுதிவிடேன், பிள்ளைகளுக்கு உதவும்" என்றார் ஒரு சகோதரி. அந்தத் தலைப்பில் ஆண்டுதோறும் இரண்டு கட்டுரைகளாவது என் கைவழியே போகின்றன. இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே வேறொன்றை எழுதுகிறேன். சென்ற கல்வியாண்டில் என் கடையில் இருந்த ஒரு கணிப்பொறியை ஒரு படி உயர்த்தி, பின்பு அதே படியில் இறக்கிய கதை இது. அதிலிருந்து எனக்கு உண்டான ஒரு கருத்தையும் சொல்லப் போகிறேன். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

கணிப்பொறி என்னும் பெட்டிக்கு உயிர் கொடுப்பது இயக்குதளம். விண்டோஸ், லினக்ஸ் என்று நீங்கள் கேள்விப்படுவன எல்லாம் இயக்குதளங்களே. விசைப்பலகையில் நாம் தட்டுகிற எழுத்தைத் திரைக்குக் கொண்டு செல்வதும், திரையில் உள்ளதை அச்சுப்பொறிக்கு அனுப்புவதும், எழுதியதைப் பத்திரமாக வைத்திருந்து கேட்டபோது எடுத்துத் தருவதும் அதன் வேலை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதன் புதிய பதிப்பு வெளிவரும். புதியதற்கு மாறுவதை மேம்படுத்தல் என்கிறோம். மாறிய பின் சரிப்படாமல் பழையதற்கே திரும்புவதைக் கீழிறக்கம் என்கிறார்கள். அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவளை எழுப்பி ஆறாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டது போல ஒலிக்கிறது. இந்தப் பெயருக்குப் பயந்தே பலர் படாத பாடு படுகிறார்கள் என்பது என் எண்ணம். நானும் பட்டேன்.

என் கடை பனிமய மாதா பேராலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டு கணிப்பொறிகள். ஒன்றில் மின்னஞ்சல், புகைப்படம், மற்றவை. இன்னொன்றில் தமிழ் அச்சு வேலை மட்டும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எங்கள் சந்தில் இடுப்பளவு நீர். அட்டைப் பெட்டிகளில் நான் சேர்த்து வைத்திருந்த குறுந்தகடுகளும், பழைய மலர்களின் அச்சுப் பிரதிகளும் சேற்றில் ஊறிக் கூழாகிவிட்டன. தமிழ் வேலைக்கான பெட்டியை மட்டும் மழை வலுக்கும்போதே பரண்மேல் ஏற்றியிருந்தேன். அது தப்பியது. அதற்குள் இருபது ஆண்டு வேலை இருந்தது. திருமண அழைப்பிதழ்களும், நினைவஞ்சலிகளும், நம் பள்ளியின் பழைய ஆண்டு மலர்களும் அதில்தான்.

வெள்ளம் வடிந்த மறுநாளே அவற்றுக்கு ஒரு பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வைத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. "நாளைக்கு" என்பதிலேயே காலம் ஓடிவிட்டது.

சென்ற ஆண்டு, மலர் வேலை தொடங்கும் நேரத்தில், கணிப்பொறி பழுது பார்க்கும் தம்பி ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரர். என் பெட்டியைத் திறந்து பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா இது? எட்டு ஜி.பி. மெமரி போட்டு வச்சிருக்கீங்க. பாதிக்கு மேல இது தொடவே தொடாது. இன்னுமா முப்பத்திரண்டு பிட்டு ஓட்டுதீங்க?"

அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. முப்பத்திரண்டு பிட்டு இயக்குதளம் நான்கு ஜி.பி.க்கு மேல் உள்ள நினைவகத்தைப் பயன்படுத்தாது. மீதி சும்மா கிடக்கும். நான் அதைத் தெரிந்தேதான் வைத்திருந்தேன். என் பழைய பக்க அமைப்பு மென்பொருளும், தமிழ் தட்டச்சு மென்பொருளும் அதில்தான் ஓடும். ஆனால் அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. பக்கத்துக் கடையில் எல்லாம் புதிது. வருகிறவர்கள் அங்கே திரையைப் பார்த்துவிட்டு இங்கே வந்து என் திரையைப் பார்ப்பார்கள். "சரி தம்பி, மாத்திருங்க" என்று சொல்லிவிட்டேன்.

"டாக்குமெண்ட்ஸ்ல உள்ளத எல்லாம் எடுத்து வச்சிட்டேங்க்கா" என்றார். மாலைக்குள் புதிய இயக்குதளம் வந்துவிட்டது. திரை கண்ணாடிபோல் பளிச்சென்று இருந்தது. இரண்டு பேருக்கும் காப்பி வாங்கி வந்து குடித்தோம்.

மறுநாள் காலையில் தொல்லை தொடங்கியது. பக்க அமைப்பு மென்பொருள் திறக்கவே மறுத்தது. தமிழ் மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. கணிப்பொறியின் பின்னால் செருகி வைக்கும் சிறு கட்டை அது. அதைச் செருகினால்தான் மென்பொருள் ஓடும். அந்தப் பூட்டை அடையாளம் காண்பதற்கான நிரல் அறுபத்து நான்கு பிட்டுக்கு எழுதப்படவே இல்லை. விற்ற நிறுவனம் கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என் பழைய லேசர் அச்சுப்பொறிக்கும் அதே கதி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே அடித்து வைத்திருந்த மாணவியர் கட்டுரைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கோடுகளுமாகத் தெரிந்தன.

இது ஏன் என்று தங்கைகள் அறிந்துகொள்வது நல்லது. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஒரு சிறு தந்திரத்தால் வேலை செய்தவை. ஆங்கில எழுத்துகளுக்கு என்று ஒதுக்கிய இடங்களில் தமிழ் எழுத்தின் முகத்தை ஒட்டி வைத்தார்கள். தட்டச்சுப் பொறியின் வரிசையைப் பின்பற்றிய எழுத்துருவில் 'தமிழ்' என்று நாம் அடித்தால், கணிப்பொறி தன் மனத்துக்குள் ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி என்றுதான் எழுதிக்கொள்ளும். எழுத்துரு என்னும் முகமூடி இருக்கும்வரை நம் கண்ணுக்கு அது தமிழ். முகமூடி கழன்றால் அலங்கோலம். ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு வரிசை என்றிருந்த காலம் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் வகுக்கப்பட்டன. உலகின் எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யுனிகோடு, அதாவது ஒருங்குறி, 1991-இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியது. தமிழ்நாடு அரசு 2010-இல் அதைத் தன் தரமாக ஏற்றது. ஆனால் அச்சகங்களோ பழைய எழுத்துருக்களை விடவில்லை. அவற்றின் அழகும் பழக்கமும் ஒரு காரணம். கையில் இருந்த மென்பொருள் ஒருங்குறியைப் புரிந்துகொள்ளாது என்பது பெரிய காரணம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

திரும்பிப் போகலாம் என்றால் வழி இல்லை. புதிய பதிப்பைப் பழையதன் மேலேயே ஏற்றினால், பழையதைச் சில நாட்கள் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருப்பார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடலாம். முப்பத்திரண்டு பிட்டிலிருந்து அறுபத்து நான்குக்கு அப்படி ஏற்ற முடியாது. அழித்துவிட்டுத்தான் போட வேண்டும். அழித்ததற்குப் பொத்தான் ஏது? இதை நான் முன்னமே கேட்டிருந்தால் அந்தத் தம்பியே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். திரும்பிப் போகிறேன் என்று வாயால் சொல்ல மனம் வரவில்லை. செலவழித்த பணம் ஒரு பக்கம். "அன்னைக்கே சொன்னேன்ல" என்று யாராவது சொல்வார்களே என்பது இன்னொரு பக்கம். ஏழாம் நாள் இரவு, பழைய பதிப்பின் தகட்டைத் தேடி எடுத்தேன். என் தகப்பனாரின் தகர டிரங்குப் பெட்டிக்குள், அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மென்பொருளின் அனுமதி எண் ஒட்டியிருந்த தாள் உப்புக்காற்றில் வெளிறி, இரண்டு இலக்கங்கள் எட்டா மூன்றா என்று தெரியவில்லை. எல்லா வகையாகவும் போட்டுப் பார்த்து, மூன்று இரவுகள் விழித்து, பழைய இயக்குதளம், பழைய மென்பொருள், பழைய பூட்டு, பழைய அச்சுப்பொறி என்று ஒவ்வொன்றாக உட்கார வைத்தேன். நான்காம் நாள் காலையில் 'அ' என்று அடித்தேன். 'அ' என்றே வந்தது.

ஆனால் எல்லாம் வரவில்லை. அந்தப் பழைய மென்பொருளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் வேறு இடம் சொல்லாவிட்டால் எழுதியதைத் தன் சொந்த அறையிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். தம்பி எடுத்து வைத்தது டாக்குமெண்ட்ஸ் அறையை மட்டும். மற்றது அழிந்தது. அவ்வாண்டு மலரின் பதினான்கு பக்கங்கள் போயின. கையெழுத்துப் பிரதிகள் இருந்ததால் மீண்டும் அடித்தேன். 2006 மலர் முழுவதும் போயிற்று. அதற்குக் கையெழுத்துப் பிரதியும் இல்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

திரும்பி வந்ததற்காக நான் வெட்கப்படவில்லை. திரும்பும் வழியைப் பார்த்து வைக்காமல் போனதற்காக வெட்கப்படுகிறேன். இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். ஏறும்போது யோசிக்காமல் ஏறுகிறோம். இறங்க வேண்டி வரும்போதுதான் மானம் மரியாதை எல்லாம் நினைவுக்கு வருகிறது.

எண்ணிப் பாருங்கள். உலகத்திலேயே பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்றான மைக்ரோசாஃப்ட் 2007 ஜனவரி 30-இல் விண்டோஸ் விஸ்டா என்னும் பதிப்பைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. அதற்கு முந்தையது 2001-இல் வந்த எக்ஸ்பி. விஸ்டாவுக்கு அதிக நினைவகம் வேண்டியிருந்தது. பலருடைய அச்சுப்பொறிகளும் மற்றக் கருவிகளும் அதனோடு பேசவில்லை. வாங்கியவர்கள் பழையதையே கேட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரலிலேயே டெல் நிறுவனம் தன் வீட்டுக் கணிப்பொறிகள் சிலவற்றில் மீண்டும் எக்ஸ்பியைப் போட்டுத் தர முன்வந்தது. விஸ்டாவின் உயர்விலைப் பதிப்புகளை வாங்கியவர்களுக்கு, எக்ஸ்பிக்குத் திரும்பும் உரிமை அனுமதிப் பத்திரத்திலேயே இருந்தது. எக்ஸ்பி விற்பனையை 2008 ஜனவரியோடு நிறுத்துவதாக இருந்தவர்கள் ஜூன் 30 வரை நீட்டித்தார்கள். மலிவுவிலைச் சிறு கணிப்பொறிகளுக்கு அதன் பின்னும் கொடுத்தார்கள். 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்த பிறகே பலர் எக்ஸ்பியிலிருந்து நகர்ந்தார்கள். இவ்வளவு பேர் ஒரு படி இறங்கி நின்று, அடுத்த படி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏறினார்கள். அவர்களில் வங்கிகளும் அலுவலகங்களும் உண்டு. அவர்களையெல்லாம் பிற்போக்காளர்கள் என்று யாராவது சொல்வார்களா?

அதே நிறுவனம் 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. சிலருடைய ஆவணங்கள் அழிந்துபோயின என்று தெரிந்ததும் சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்தி, திருத்தி, நவம்பரில் மீண்டும் வெளியிட்டார்கள். செய்தவர்களே பின்வாங்குகிறார்கள். நாம் ஏன் தயங்க வேண்டும்?

நம் துறைமுகப் பட்டினத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. முத்துக்குளித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களுக்குப் பிறகு இக்கரையில் பெரிய முத்துச் சலாபம் நடக்கவில்லை. ஆனால் அது நடந்த முறையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சலாபம் என்று அறிவிப்பதற்கு முன் முத்துப்பார்களைச் சோதிப்பார்கள். சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை விலை மதிப்பார்கள். முற்றவில்லை என்றால் அந்த ஆண்டு சலாபம் கிடையாது. எத்தனை வள்ளங்கள் காத்துக் கிடந்தாலும் கிடையாது. ஒரு பாரைக்கூடப் பார்க்காமல் எல்லா வள்ளங்களையும் இறக்கிவிடும் வழக்கம் இருந்ததில்லை.

குளிப்பவர் இறங்கும் முறையும் அப்படித்தான். காலடியில் கல், அதற்கு ஒரு கயிறு, சிப்பி சேர்க்கும் பைக்கு ஒரு கயிறு. கல்லின் பாரத்தில் அடிக்குப் போய்விடுவார். போவது எளிது. மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். மேலே வள்ளத்தில் நிற்பவர் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் முறையுள்ளவர் பிடிப்பதுதான் நல்லது என்று சொல்வார்களாம். தன் உடன்பிறந்தாள் தாலியறுக்க எந்த ஆணும் சம்மதிக்க மாட்டான் அல்லவா! கயிறு இல்லாமல் குதிப்பவனை நம் கடற்கரையில் வீரன் என்று யாரும் சொன்னதில்லை.

இந்த மச்சான் செய்தியை நான் அறிந்தது எங்கே தெரியுமா? 2006 மலரில். முத்துக்குளித்த ஒரு முதியவரை வீட்டில் போய்ப் பார்த்து, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். அடித்துத் தந்தவள் நான். அதில் இன்னும் எத்தனையோ இருந்தன. எனக்கு நினைவிருப்பது இவ்வளவே.

என் தகப்பனார் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக, கம்பாசிட்டராக, இருந்தவர். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தபோது, தும்பிக்கை போட்ட பழைய லை, ணை, னை முதலிய ஈய எழுத்துகளை முதலாளி உருக்கிவிடச் சொன்னாராம். அப்பா அவற்றை ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். பழைய பிரார்த்தனைப் புத்தகத்தைப் பழையபடியே அச்சிட்டுத் தரும்படி கேட்டு வந்தவர்களுக்கு அது உதவியது. பின்னால் அதே அச்சகத்துக்கு ஆப்செட் வந்தபோதும், கால்மிதி டிரெடில் இயந்திரத்தை ஆறு மாதம் விற்கவிடவில்லை. "புதுசு வேல பழகட்டும், அதுவரைக்கும் கெழவன் மூலைல நிக்கட்டும்" என்பார். நான் அதைக் கேட்டு வளர்ந்தவள். கேட்டு வளர்ந்து என்ன பயன்!

தமிழ் அச்சின் தொடக்கமே இக்கரையோடு தொடர்புடையது. புன்னைக்காயலில் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களுக்காக ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில் கோவாவில் ஒரு தமிழ் எழுத்துத் தொகுதி வார்த்திருந்தார்கள். கொல்லத்தில் புதிதாக ஒன்று வார்த்தார்கள். நூலின் இறுதியில் இரண்டையும் அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். புதியது வந்ததும் பழையதை ஒளிக்கவில்லை.

இப்படியெல்லாம் சொல்வதால், பழையதிலேயே படுத்துக் கிடக்கச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். என் சகோதரி மகள் கல்லூரியில் கணிப்பொறி படிக்கிறாள். அவள் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள். "சித்தி, பழைய சிஸ்டத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. திறந்த வீடு மாதிரி" என்றாள். அவள் சொல்வது முழு உண்மை. 2017 மே மாதம் வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் அகப்பட்டார்கள்.

அதற்கு அடுத்த மாதம் நடந்தது இன்னும் விசித்திரம். ஜூன் 27-இல் உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியாகவே ஒரு தீநிரல் புகுந்தது. மெர்ஸ்க் என்னும் பெரிய கப்பல் நிறுவனம் நிலைகுலைந்தது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய முனையமும் நின்றது. அந்நிறுவனத்தின் வலையமைப்புக்கு அடிப்படையான தகவல் தொகுப்பு எல்லா நாட்டிலும் அழிந்துவிட, ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் ஒரு பிரதி பிழைத்தது. அங்கே அப்போது மின்சாரம் போயிருந்ததாம்! மின்வெட்டை வாழ்த்த வேண்டிய ஒரே சந்தர்ப்பம் இதுதான் என்று நினைக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்க்கும் தந்தையர் இதைப் படித்தால் நான் சொல்வது விளங்கும். புதுப்பிக்காவிட்டாலும் ஆபத்து, புதுப்பித்தாலும் சில வேளை ஆபத்து. இரண்டிலும் காப்பாற்றியது தனியே, இணைப்பில்லாமல் கிடந்த ஒரு பிரதி.

ஆகவே நான் செய்திருப்பது இது. பழைய கணிப்பொறிக்கு இணைய இணைப்பே கிடையாது. கம்பியைப் பிடுங்கிவிட்டேன். வெளியார் கொண்டுவரும் பென்டிரைவை அதில் செருகுவதில்லை. முதலில் மற்றக் கணிப்பொறியில் சோதிக்கிறேன். புதிதாக வரும் வேலைகளை ஒருங்குறியிலேயே அடிக்கிறேன். பழைய கோப்புகளை நாளைக்குப் பத்துப் பக்கம் வீதம் ஒருங்குறிக்கு மாற்றி வருகிறேன். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒரு முறை வாசித்துப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறிவிடுகின்றன. இந்த வேலை முடிகிற அன்று, பழைய கணிப்பொறிக்கு நானே விடை கொடுப்பேன். அதாவது, நான் இறங்கி வந்தது அங்கேயே தங்கிவிட அல்ல.

இதையெல்லாம் பள்ளி மலரில் எழுதக் காரணம் உண்டு. நம் பள்ளிக் கணிப்பொறி அறையில் உள்ளவற்றை எல்லாம் விடுமுறையில் ஒரே மூச்சில் புதிய பதிப்புக்கு மாற்றிவிடலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. நானும் அங்கே இருந்தேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே மாறத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் என்பதில்தான் மறுப்பு.

பார் சோதனை செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். முதலில் ஒரே ஒரு கணிப்பொறியை மாற்றுங்கள். மேல்நிலை மாணவியர் அதில் பைத்தான், சி++, மைஎஸ்கியூஎல் என்று தங்கள் செய்முறைப் பாடங்கள் முழுவதையும் ஒரு முறை செய்து பார்க்கட்டும். அலுவலகத்து அச்சுப்பொறி அதனோடு பேசுகிறதா என்று பார்க்கட்டும். சில வாரங்கள் ஓடட்டும். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் எந்தக் காரணத்துக்காகவும் எதையும் மாற்றாதீர்கள். மாற்றும் முன், எந்தெந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று தாளில் எழுதி, அந்த வகுப்பு ஆசிரியையிடம் கையொப்பம் வாங்குங்கள். "டாக்குமெண்ட்ஸ் எடுத்தாச்சு" என்ற ஒரு வார்த்தையை நம்பாதீர்கள். நான் நம்பினேன். திரும்பும் வசதி எத்தனை நாள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10 வந்த 2015-இல் அது ஒரு மாதமாக இருந்தது. அடுத்த ஆண்டே பத்து நாளாகக் குறைத்துவிட்டார்கள். பத்து நாள் என்பது காலாண்டு விடுமுறைக்குள் கழிந்துவிடும். அறையைத் திறந்து பார்க்கும்போது கயிறு கையில் இருக்காது.

இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கி மாணவ மாணவியருக்கு வழங்கிய மடிக்கணினிகளை உங்கள் அக்காமார் வைத்திருப்பார்கள். தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். எங்கள் தெருப் பிள்ளைகளில் பெரும்பாலோர் விண்டோஸை மட்டுமே தொட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் அது கெட்டுப்போன நாளில் மற்றதைத் திறந்து, எழுதி வைத்ததை எடுத்துக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். நம் அறையிலும் இரண்டொரு பெட்டிகளில் இப்படிச் செய்து வைக்கலாமே.

இதற்கெல்லாம் கூடுதலாக ஒரு மாதம் பிடிக்கும். செலவு அதிகமில்லை. அந்த ஒரு மாதத்தில் யாராவது நம் அறையைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். 2006 ஆண்டு மலரின் நூலகப் பிரதியும் அந்த வெள்ளத்தில் போய்விட்டது என்று சகோதரிகள் சொல்கிறார்கள். உங்கள் அக்காமார், அத்தைமார், தாய்மார் யாரிடமாவது அந்த மலர் இருந்தால், பக்கம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு இரண்டு நாளில் திருப்பித் தந்துவிடுவேன். முத்துக்குளித்த அந்த முதியவரைப் பற்றிய கட்டுரை பின்பாதியில், விளையாட்டு விழாப் படங்களுக்கு அடுத்து இருக்கும். எழுதிய மாணவி இதைப் படிக்க நேர்ந்தால், உன் பழைய குறிப்பேடு எங்காவது இருக்கிறதா என்று ஒரு முறை தேடிப் பார், அம்மா.